இரண்டு சிலிண்டர் கிராணி

1

நம்மூரில் பத்திரிகை நடத்தும் என் பள்ளித் தோழர் கடிதம் எழுதியிருக்கிறார். "மலாயா வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் எழுது. நம் வாலிபர்களுக்கு ஊக்கம் தருவதாக இருக்கட்டும்" என்கிறார். கடல் தாண்டியவன் ஊருக்கு எழுதும்போது மூன்று விஷயங்களைச் சொல்வது வழக்கம். இங்கே மழை அதிகம். சீனர்கள் நல்ல உழைப்பாளிகள். நான் சௌக்கியமாக இருக்கிறேன். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள்.

ஊக்கம் தரத்தக்கதாக என்னிடம் இருக்கும் ஒரே பொருள் ஒரு மோட்டார் சைக்கிள். இந்த மாதத்தோடு அதை வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது. அமெரிக்காவில் செய்தது. இரண்டு சிலிண்டர். பக்கத்தில் ஒரு ஆள் காலை நீட்டி உட்காரும்படி தொட்டில் மாதிரி ஒரு பெட்டி. இடது காலால் கிளட்சை மிதித்து, இடது கையால் பெட்ரோல் டாங்க் பக்கத்திலுள்ள குச்சியைத் தள்ளிக் கியர் போட வேண்டும். கிளப்புவதற்கு மூன்று உதை. சில நாட்களில் அதுவும் திருப்பி உதைக்கும். என் வலது முழங்காலுக்குக் கீழே அதற்கான அத்தாட்சி இருக்கிறது.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் பள்ளியில் படித்தவன். பெயர் தேவசகாயம். இருபது வயதில் கப்பலேறி, ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்தேன். இப்போது பெரிய கிராணி. ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போன வருஷத்தில் பக்கத்துத் தோட்டத்துச் சின்னத்துரைக்கு வேலை போயிற்று. அவர் சீமைக்குத் திரும்பும் அவசரத்தில் நாய், கிராமபோன், மோட்டார் சைக்கிள் மூன்றையும் விற்றார். நாயை ஒரு சீனர் வாங்கினார். நான் வண்டியை வாங்கினேன். சம்பளத்தைப் பாதியாக வெட்டியிருந்த சமயம் அது. என் மனைவி கிரேஸ் அன்று ஒரு வார்த்தைதான் கேட்டாள்: "இதுல அரிசி மூட்டை ஏத்தலாமா?"

2

எங்கள் தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது, ஆனால் எல்லாருக்கும் தெரியும். எதிரே துரை வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்க வேண்டும். கிராணி வந்தாலும் கூலியாள் இறங்க வேண்டும். நான் சைக்கிளில் போன காலத்திலேயே பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, போகிறவர்கள் என்னைக் கண்டதும் தொப்பென்று குதித்து, சைக்கிளை ஓரமாகச் சாய்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சில நாட்களில் வேலையே இல்லாமல், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் ஒரு சுற்றுப் போய்வந்ததும் உண்டு.

பெரிய வண்டி வந்த பிறகு அந்தச் சுகம் இரட்டிப்பாயிற்று. அரை மைல் தூரத்தில் சத்தம் கேட்டதுமே இறங்கிவிடுவார்கள். நான் கடந்துபோகும்போது தலையை மட்டும் லேசாக அசைப்பேன். துரையைப் பார்த்துப் படித்துக்கொண்ட அசைவு அது.

நாலாவது நாள் துரையின் கார் எதிரே வந்தது. சைக்கிளானால் குதித்துவிடலாம். இதில் கியரை எடுத்து, எஞ்சினை அணைத்து, காலைத் தூக்கி மறுபக்கம் போட்டு இறங்குவதற்குள் கார் என்னைக் கடந்து நூறு கஜம் போய்விட்டது. நின்று, பின்னாலேயே திரும்பி வந்தது.

துரை தமிழ் பேசுவார். கூலியாட்களிடம் கற்ற தமிழ். அவர்கள் மாடுகளோடு பேசும்போது கற்றிருப்பார் போலிருக்கிறது. "ஏ கிராணி. வண்டி பெரிசு. ஆள் சின்னது. ஏன் இறங்கலே?" என்றார்.

"இறங்கிக்கொண்டிருந்தேன் ஐயா" என்றேன். அது உண்மை.

"சீக்கிரம் இறங்கப் படி" என்றார்.

படித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் பின்னால், ஒருவரும் பார்க்காத இடத்தில், ஏறி இறங்கிப் பழகினேன். கார் சத்தத்தைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு, அது வளைவு திரும்பும்போது நான் தரையில் கை கட்டி நிற்கும்படி தேறிவிட்டேன். ஜில்லாவிலேயே பெரிய மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டு, அதிலிருந்து இறங்குவதில் நிபுணனானவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

3

போன வருஷம் தம்பி யோசேப்புக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் பள்ளி வாத்தியார். பெண் ராஜபாளையம். பெண்ணின் தகப்பனார் பஞ்சு அரவை மில்லில் பிட்டர். எனக்கு ஆறு மாதம் ரஜா சேர்ந்திருந்தது. வண்டியையும் ஊருக்குக் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். மாப்பிள்ளையைப் பக்கத்துப் பெட்டியில் உட்காரவைத்து ராஜபாளையம் வரைக்கும் ஏழு மைலும் ஓட்டிப் போக வேண்டும், ரோட்டோரம் ஜனங்கள் நின்று பார்க்க வேண்டும். என் மனத்தில் இருந்தது இவ்வளவுதான். இதற்காகக் கப்பலில் ஒரு எருமையளவு இரும்பை ஏற்றினேன்.

நாகப்பட்டினத்தில் சுங்க குமாஸ்தா வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். "இது யந்திரமா, வாகனமா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். "ரெண்டுக்கும் ஒரே பாரத்துல எழுத முடியாதே" என்றார். அதற்கு இரண்டு நாள். பிறகு ரயிலில் விருதுநகர், அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர். ஸ்டேஷனில் கூலிகள் ஆறு பேர் சேர்ந்து இறக்கினார்கள். யோசேப்பு சைக்கிளில் வந்திருந்தான். வண்டியைப் பார்த்துவிட்டு, "எம்புட்டுப் பெருசுண்ணே" என்றவன், சந்தோஷப்படவில்லை. அப்போது எனக்குக் காரணம் விளங்கவில்லை.

என் மகள் லில்லிக்கு ஒன்பது வயது. ஈப்போவில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் படிக்கிறாள். சித்தப்பாவை 'அங்கிள்' என்றாள். கடைத்தெருவை 'பசார்' என்றாள். பக்கத்து வீட்டு அம்மாள் முறுக்குக் கொடுத்ததற்கு 'தேங்க்யூ' என்றாள். "பிள்ளை என்ன சொல்லுது?" என்று அந்த அம்மாள் கேட்க, "முறுக்கு நல்லாயிருக்குங்கா" என்று கிரேஸ் மொழிபெயர்த்தாள். என் பேச்சும் சுத்தமில்லை. செருப்புக் கடையில் 'கித்தா செருப்பு' கேட்டுவிட்டேன். ரப்பருக்குத் தோட்டத்தில் கித்தா என்று பெயர். கடைக்காரர் அப்படி ஒரு ஊர்ச் செருப்பு தம்மிடம் இல்லை என்றார்.

வந்த இரண்டாம் நாள் காலையில் வண்டியைத் துடைத்து, கிரேஸையும் லில்லியையும் பெட்டியில் உட்காரவைத்து, யோசேப்பைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் தெருவிலிருந்து ராஜபாளையம் ரோட்டுக்குப் போக ஒரு தெருவைக் கடக்க வேண்டும். அதன் பெயரை எழுத மாட்டேன். அந்தத் தெருக்காரர்கள் சிலர் இந்தப் பத்திரிகைக்குச் சந்தாதாரர்கள். தெரு முனைக்கு வந்ததும் யோசேப்பு பின்னாலிருந்து என் தோளைத் தட்டினான்.

"நிறுத்துண்ணே. இங்கன இறங்கி உருட்டணும்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்ல வேண்டியதில்லை. எட்டு வருஷமா நான் சைக்கிளை உருட்டிக்கிட்டுத்தான் போறேன்."

இருபது வயதில் ஊரை விட்டவனுக்கு அது மறந்திருந்தது என்று எழுதினால் பொய். அப்போது எங்கள் தெருவில் ஒருவரிடமும் சைக்கிள் இல்லை. அந்தத் தெருவில் நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வோம். சைக்கிள் வந்ததும் சட்டமும் கூடவே முன்னேறியிருக்கிறது. நான் நிறுத்தவில்லை. மலாயாக்காரனுக்கு அது பொருந்தாது என்று நினைத்தேன்.

சாவடியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கையை உயர்த்தினார். சத்தம் போடவில்லை. உபசாரமாகத்தான் பேசினார்.

"தேவசகாயம்லா? மலாயாவுல சௌக்கியமா இருக்கியாலே? இறங்கிப் பேசு."

இறங்கினேன். கிளட்ச், கியர், எஞ்சின், கால். இவ்வளவு வேகமாக நான் தோட்டத்தில்கூட இறங்கியதில்லை.

"வண்டி நல்ல வண்டி. தெரு முக்கு வரைக்கும் உருட்டிக்கிட்டுப் போயிரு. பொறவு ஓட்டிக்கோ. உனக்குத் தெரியாததா?"

யோசேப்பு ஏற்கெனவே இறங்கி, பின்னால் கை வைத்துத் தள்ளத் தயாராக நின்றான். நான் கிரேஸைப் பார்த்தேன். அவள் நகரவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இறங்கு" என்றேன் மெதுவாக.

"உங்களைத்தான் இறங்கச் சொன்னாவ. என்னையச் சொல்லலியே" என்றாள். மெதுவாகச் சொல்லவில்லை.

அந்தத் தெருவின் முழு நீளத்துக்கும் அண்ணனும் தம்பியும் வியர்க்க வியர்க்கத் தள்ள, அவள் பெட்டியில் கவர்னர் மனைவி மாதிரி உட்கார்ந்து வந்தாள். லில்லி திரும்பிச் சாவடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். தெரு முடிந்ததும் கேட்டாள்: "டாடி, இந்த ஊர்லயும் துரை இருக்காரா?"

எஞ்சினை உதைத்தேன். நல்லவேளையாக அன்று ஏழெட்டு உதை தேவைப்பட்டது.

4

அன்று ராஜபாளையம் ரோட்டில் இரண்டு மைல்கூடப் போகவில்லை. ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, வண்டியின் நம்பரைப் பார்த்தார். பேராக் நம்பர். "இது எந்தத் தாலுகா?" என்று கேட்டார். சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் என்றேன். அப்படியானால் இந்தப் பக்கத்துக்கு வேறு நம்பர் வாங்க வேண்டும், அதுவரை ஓட்டக்கூடாது என்றார்.

அதற்கு ஆபீஸ் மதுரையில். நான்கு தடவை ரயிலேறினேன். முதல் தடவை குமாஸ்தா ரஜா. இரண்டாம் தடவை பாரம் தப்பு. மூன்றாம் தடவை எல்லாம் சரியாக இருந்தது, கையெழுத்துப் போடுகிற அதிகாரி முகாமில் இருந்தார். பாரத்தில் வண்டியின் நிறம், சொந்தக்காரரின் அங்க அடையாளம் என்று இரண்டு கட்டங்கள். நான்காம் தடவை குமாஸ்தா அவசரத்தில் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டார். அந்தக் காகிதத்தின்படி என் வண்டிக்கு வலது முழங்காலுக்குக் கீழே தழும்பு இருந்தது. நான் பச்சை நிறம்.

இதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தேன். "என்னண்ணே, வண்டியை எடுக்கலையா?" என்று தெருவில் யாராவது கேட்டால், "சர்க்கார் காகிதம் வரணும்" என்று கௌரவமாகப் பதில் சொன்னேன். காகிதம் வராத ஒவ்வொரு நாளும் எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. அந்தத் தெரு முனையைப் பற்றி நான் யோசிக்க வேண்டியதில்லை. கிரேஸுக்கு இது தெரிந்திருந்தது. "அந்தக் குமாஸ்தாவுக்கு நீங்க ஒரு மாலை வாங்கிப் போடணும்" என்றாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் தபாலில் காகிதம் வந்துவிட்டது.

சாயங்காலம் யோசேப்பிடம் சொன்னேன்: "ரோடு எல்லாருக்கும் பொதுன்னு சட்டம் இருக்கு. நாளைக்கு நான் இறங்கப் போறதில்லை."

அவன் பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கு முந்தின நாளும் மாப்பிள்ளைக்கு அந்த வேலை. தலையைத் தூக்காமல் சொன்னான்:

"சட்டம் எனக்கும் தெரியும். நீ இறங்காம போவே, அடுத்த மாசம் கப்பலேறிருவே. நான் மறுநாள் காலையில அதே தெருவழியா பள்ளிக்கூடத்துக்குப் போகணும். உன் வீரத்துக்கு நான் இங்கன இருந்து பதில் சொல்லணும். வேண்டாம்ணே."

வெளிநாட்டிலிருந்து வருகிறவனின் தைரியத்தைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. எனக்குக் கோபம் வந்தது. கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று கிரேஸைக் கேட்டால் சொல்வாள்.

5

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு யோசேப்பு பட்டுக்கரை வேஷ்டி, கோட்டுடன் பெட்டியில் உட்கார்ந்தான். லில்லி எனக்குப் பின்னால். கிரேஸும் உறவுக்காரர்களும் ஜட்காக்களில் வருவதாக ஏற்பாடு. அவை எங்களுக்குப் பின்னால் மெல்ல வந்துகொண்டிருந்தன.

தெரு முனை வந்தது. கிளட்ச், கியர், எஞ்சின், கால். இறங்கிவிட்டேன்.

இறங்கிய பிறகுதான் கவனித்தேன். சாவடி காலியாக இருந்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை. அறுப்புக் காலம், எல்லாரும் வயலுக்குப் போயிருக்க வேண்டும். ஒரு ஆடு மட்டும் சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் நான் கோட்டும் டையுமாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மரியாதையாக நின்றேன்.

"யாரும் இல்லையேண்ணே" என்றான் யோசேப்பு.

"தெரியும்" என்றேன்.

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். முந்தின நாள் 'வேண்டாம்' என்று சொன்ன முகம் அல்ல அது. எட்டு வருஷம் தான் செய்ததை அவன் அன்றைக்குத்தான் வெளியிலிருந்து பார்த்தான் என்று நினைக்கிறேன். அவனும் இறங்குவான் என்று காத்திருந்தேன். அவன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"நீ உருட்டுண்ணே. நான் இறங்கல."

"என்னலே சொல்றே?"

"வண்டியை ஓட்டக்கூடாதுன்னாவ. ஓட்டல. உருட்டத்தான் செய்றோம். நான் மாப்பிள்ளை. நடக்க மாட்டேன்."

உருட்டினேன். வண்டியின் கனமும் அவன் கனமும் சேர்ந்து பத்தடியில் மூச்சு வாங்கியது. ஜட்காவிலிருந்து கிரேஸ் இறங்கி ஓடி வந்தாள். கல்யாணப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் தள்ளத் தொடங்கினாள். லில்லியும் குதித்து அவளுடன் சேர்ந்துகொண்டாள். உறவுக்காரர்களும் தங்கள் வழக்கப்படி ஜட்காவிலிருந்து இறங்கி நடந்துவந்தார்கள். மாப்பிள்ளை ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

பாதித் தெருவில் ஒரு வீட்டுக் கதவு திறந்தது. அந்தப் பெரியவர், பல் துலக்கிய வேப்பங்குச்சியோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், திருப்தி. பெட்டியைப் பார்த்தார்.

"ஏலே யோசேப்பு. இறங்கணும்னு தெரியாதா?"

"அண்ணன் இறங்கிட்டாருங்க" என்றான் அவன். வகுப்பில் பாடம் சொல்கிற அதே குரல். "வண்டியையும் அணைச்சாச்சு. நீங்க சொன்னாப்புல உருட்டிக்கிட்டுத்தான் போறோம். எனக்கு இன்னைக்குக் கல்யாணம். ஆசீர்வாதம் பண்ணுங்க."

பெரியவர் குச்சியை வாயில் வைத்தார், எடுத்தார். சட்டத்தில் இப்படி ஒரு நிலைமைக்கு வழி சொல்லியிருக்கவில்லை. அவர் யோசித்து முடிப்பதற்குள் நாங்கள் தெருவைத் தாண்டிவிட்டோம். யோசேப்பின் கை பெட்டியின் விளிம்பைப் பிடித்திருந்தது. ரோட்டுக்கு வந்த பிறகும் செத்த நேரம் அந்தப் பிடியை அவன் விடவில்லை.

ராஜபாளையம் வரைக்கும் அன்று வண்டி ஒரே உதையில் கிளம்பி ஒரே மூச்சில் ஓடியது. கண்மாய்க்கரையில் கொக்குகள் எழுந்து பறந்தன. ஊருக்குள் நுழையும்போது வெள்ளை நாய்கள் நாலைந்து துரத்தின. அவற்றின் சொந்தக்காரரான ஒரு ராஜு, மில்லுக்குப் பஞ்சு கொடுப்பவர், வேதக்கோயில் வாசலில் வந்து வண்டியைத் தட்டிப் பார்த்தார். "பாகுந்தி, பாகுந்தி. நல்ல சரக்கு. உடம்புக்கு நோவு வராம ஓட்டலாமா?" என்று கேட்டார்.

"ஓட்டலாம். தள்ளினாத்தான் நோவு" என்றாள், அப்போதுதான் ஜட்காவில் வந்து இறங்கிய கிரேஸ்.

நான் வந்த அழகைப் பார்த்துப் பெண் வீட்டார் மூன்று பேர் என்னை டிரைவர் என்று நினைத்தார்கள். டையில் கிரீஸ், கோட்டு முழுக்க வியர்வை. மாப்பிள்ளை மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தான்.

6

இதெல்லாம் வேடிக்கையாக முடிந்தது என்று நினைத்துத்தான் கப்பலேறினேன். வண்டியும் ஊர் பார்த்துவிட்டு என்னுடன் திரும்பியது. சுங்கத்தில் அதே குமாஸ்தா. இம்முறை அவர் கேட்காமலே இரண்டு பாரம் கொடுத்துவிட்டேன்.

நான் போன இரண்டாவது வாரம் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு மனு போயிருக்கிறது. வாத்தியார் அடக்கமில்லாதவர் என்று. நிர்வாகம் விசாரிக்கவில்லை, சமாதானம் செய்தது: யோசேப்பை வ. புதுப்பட்டிப் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். புது மனைவியோடு மூட்டை கட்டிக்கொண்டு போனான். என்னைத் திட்டி எழுதுவான் என்று எதிர்பார்த்தேன். இப்படித்தான் எழுதியிருந்தான்: "இங்கேயும் ஒரு தெரு இருக்குண்ணே. எல்லா ஊரிலும் ஒன்று வைத்திருக்கிறார்கள். வந்து ஒரு மாதம் ஆகிறது. இன்றுவரை இறங்கவில்லை. முள் போடுகிறார்கள். டியூப் மூன்று மாற்றியாயிற்று. பஞ்சர் ஒட்ட அவளே பழகிக்கொண்டாள்."

கடிதத்தை கிரேஸிடம் கொடுத்தேன். அவள் வாசித்துவிட்டு, மடித்து, என் சட்டைப் பையிலேயே வைத்தாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் மத்தியானம் ஸ்டோருக்குப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே மாரி சைக்கிளில் வந்தான். சேத்தூர்க்காரன், பால்மரம் வெட்டுகிறவன், என் வயதுதான் இருக்கும். என்னைக் கண்டதும் வழக்கம்போல் குதித்து ஓரமாக நின்றான். நானும் வழக்கம்போல் தலையை அசைத்துக் கடந்தேன். இருபது கஜம் போய் நிறுத்தினேன்.

"மாரி, ஏறிப் போ" என்றேன்.

"இருக்கட்டுங்கய்யா. நீங்க போங்க."

"நீ போ. பொறவு நான் போறேன்."

"அது எப்படிங்கய்யா?"

எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. நானும் இறங்கினேன். கிளட்ச், கியர், எஞ்சின், கால். மாரி பயந்துவிட்டான்.

"நான் என்ன தப்புப் பண்ணேன் ஐயா?"

"ஒண்ணுமில்லை. ஏறு."

"நீங்க ஏறுங்கய்யா."

அவன் ஏறட்டும் என்று நான் நின்றேன். நான் ஏறட்டும் என்று அவன் நின்றான். ரப்பர் மரங்களுக்கு நடுவே, வெயிலில், இரண்டு மனிதர்களும் இரண்டு வண்டிகளும். இந்த வேளையில்தானா துரையின் கார் வர வேண்டும்? வந்தது. நாங்கள் இருவரும் ஏற்கெனவே இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை துரை பார்த்தார். காரை மெதுவாக்கினார்.

"பேஷ் கிராணி. ஊருக்குப் போயும் மறக்கலே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது அவருக்கான மரியாதை அல்ல என்று சொல்ல வாயைத் திறந்தேன். கார் போய்விட்டது. கார் போகாமல் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பதை வாசகர்களின் ஊகத்துக்கு விடுகிறேன்.

மாரி தூசி அடங்கும்வரை காத்திருந்தான். பிறகு முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தான்.

"அவருக்கு இறங்கலேல்லா நீங்க?"

"இல்லை."

"யாராச்சும் பாத்தா மண்டோர் என்னையத்தான் அடிப்பான்."

"அவனிடம் நான் பேசிக்கிறேன்" என்றேன். அன்று சாயங்காலம் அந்தக் கங்காணியிடம் பேசினேன். அது வேறு தலைவலி.

மாரி ஒரு காலை பெடலில் வைத்து, இன்னொரு தரம் என்னைப் பார்த்தான். நான் அசையவில்லை. ஏறினான். முதலில் தடுமாறினான், வளைந்தான், நேரானான். பாதையில் அவனுக்கு முன்னால் யாரும் இல்லை. ஆனாலும் வளைவு வரைக்கும் மணியடித்துக்கொண்டே போனான்.